கேள்விக்குறிகளை நீக்கித் தந்தவருக்கு நன்றி
ஒளிப்படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கைப் புதிய கணினிக்கு மாற்றியபோது, கோப்புறைகள் அனைத்தின் மீதும் கேள்விக்குறி தோன்றியதைக் கண்டு, பல ஆண்டுத் திருத்தங்கள் அழிந்துவிட்டன என்றே அஞ்சிய எனக்குப் பொறுமையுடன் வழிகாட்டிய, பெயரறியாத அன்பருக்கு என் மனமார்ந்த நன்றி.

திருத்தங்கள் கேட்டலாக் கோப்பில் பதிவாகின்றன என்பதையும், அக்கோப்பு படங்களைத் தன்னுள் வைத்திராமல் அவை இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துவைத்திருக்கிறது என்பதையும் அவர் விளக்கிய பின்னரே சிக்கல் எனக்குப் புரிந்தது. பழைய கணினியில் 'இ' என்ற எழுத்தால் குறிக்கப்பட்டிருந்த, படங்கள் உள்ள வெளி ஹார்ட் டிஸ்க், புதியதில் 'எஃப்' என மாறியிருந்தது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே மீண்டும் கொடுத்ததும் கேள்விக்குறிகள் மறைந்தன. நகலெடுக்கத் தவறிய முன்னோட்டக் கோப்புகளை மென்பொருளே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும் என்று அவர் கூறியபடியே நடந்தது. அன்றிரவு முழுவதும் கணினியின் விசிறி இரைந்துகொண்டிருந்தது என்பது வேறு கதை.