99 சதவீதத்தில் மறைந்திருக்கும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஏஐ பாதுகாப்பு மென்பொருள் பற்றி வந்த கட்டுரை பாதிக்கு மேல் விளம்பரம்தான். ‘யாரும் பார்த்திராத வைரஸையும் தானே கற்றுப் பிடித்துவிடும், 99 சதவீதம் துல்லியம்’ என்று விற்பவர் சொன்னதை ஒரு கேள்வியும் கேட்காமல் அச்சிட்டிருக்கிறீர்கள். டர்பனில் சிறிய கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் கணினி பராமரிப்பது என் தொழில். இப்போது அந்தப் பக்கத்தைக் காட்டி என்னிடம் விலை விசாரிக்கிறார்கள்.

அந்த 99-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஓர் அலுவலகக் கணினிகளில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் நிகழ்வுகள் பதிவாகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு திறப்பது, மின்னஞ்சல் வருவது எல்லாமே இதில் சேர்த்தி. அதில் பத்தே பத்துதான் உண்மையான தாக்குதல். ஒழுங்கானவற்றில் நூற்றுக்கு ஒன்றைத் தப்பாகச் சந்தேகித்தாலே போதும், அன்றைக்குச் சுமார் பத்தாயிரம் பொய் எச்சரிக்கைகள் வந்து விழும். அவற்றுக்குள் அந்தப் பத்தை யார் தேடுவது? விற்றவர் வரப்போவதில்லை. கவுன்டரில் இருப்பவர் ஒரு வாரம் பார்ப்பார், பிறகு வருகிற எச்சரிக்கையையெல்லாம் படிக்காமலே மூடுவார். ஸ்வீடன் ஆய்வாளர் ஸ்டீபன் ஆக்செல்சன் இந்தக் கணக்கை 1999-லேயே போட்டுக் காட்டிவிட்டார். விளம்பரம் எழுதுகிறவர்கள் கண்ணில்தான் அது இன்னும் படவில்லை.

கற்றுக்கொண்ட இயந்திரத்தை ஏமாற்றவும் முடியும். ஏஐ ஆன்டிவைரஸ் என்று பெரிதாகப் பேசப்பட்ட சைலன்ஸை 2019-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரு வீடியோ கேமின் கோப்பிலிருந்து எடுத்த எழுத்துத் தொடர்களை மால்வேரின், அதாவது தீங்கு செய்யும் மென்பொருளின், கடைசியில் ஒட்டினார்கள், அவ்வளவுதான். பெரும்பாலானவற்றை அது நல்ல கோப்பு என்று உள்ளே விட்டது. 140 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கிய பிளாக்பெர்ரி, 2024 டிசம்பரில் 16 கோடி டாலர் ரொக்கத்துக்கும் கொஞ்சம் பங்குகளுக்கும் அதைக் கைமாற்ற ஒப்புக்கொண்டது.

நம் தென்னாப்பிரிக்காவில் நடந்தவற்றுக்கு இவ்வளவு சாமர்த்தியம்கூடத் தேவைப்படவில்லை. 2021 செப்டம்பரில் நீதித்துறை அமைச்சகத்தை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் முடக்கியது. விசாரித்த தகவல் ஒழுங்குமுறை ஆணையம் கண்டது என்ன? ஆன்டிவைரஸ் லைசென்ஸையே அவர்கள் புதுப்பிக்கவில்லை! 2023-ல் 50 லட்சம் ராண்ட் அபராதம் விழுந்தது. 2022-ல் கடன் விவரங்களைத் திரட்டும் டிரான்ஸ்யூனியன் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு வழியாகவே நுழைந்தார்கள். அதன் பாஸ்வேர்ட் ‘பாஸ்வேர்ட்’ என்பதேதான் என்று ஹேக்கர்கள் சொன்னார்கள்.

ஏஐ முழுக்கப் புரட்டு என்று நான் சொல்லவில்லை. குப்பை மின்னஞ்சலை வடிகட்டுவதில் இந்த வகை நுட்பம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நன்றாகவே உழைக்கிறது. ஆனால் நான் போகிற கிளினிக்குகள் பலவற்றில் பேக்அப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் அதே கணினியில்தான் செருகிக் கிடக்கிறது. ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். ஏஐ மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டும் முன் அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைக்கட்டும், அப்டேட்டுகளைப் போடட்டும், மின்னஞ்சலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை வைக்கட்டும். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. கமிஷனும் கிடையாது, அதனால்தான் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

அடுத்த முறை இப்படி ஒருவர் பேட்டி கொடுத்தால் சில கேள்விகளை அவசியம் கேளுங்கள். எங்களைப் போன்ற சிறிய இடத்தில் நாளொன்றுக்கு எத்தனை பொய் எச்சரிக்கை வரும்? ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற வெளியாட்கள் சோதித்தார்களா? நோயாளிகளின் கோப்புகள் எந்த நாட்டு சர்வருக்குப் போகின்றன, தனிநபர் தகவல்களைக் காக்கும் போப்பியா சட்டப்படி அதற்கு யார் பொறுப்பு? பதில் சொல்லாமல் நழுவினால் அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்