செவ்வாய்க்கிழமை எடுத்த படம்

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய படம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வாட்ஸாப்பில் ரெண்டு வரி எழுதி அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன், அடித்து அடித்து அழித்ததுதான் மிச்சம். அதனால் உட்கார்ந்து நீளமாகவே எழுதுகிறேன், மெயிலில் நிதானமாகப் படித்துக்கொள்.

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "பிள்ளை இளைச்சுட்டான்" என்று அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கோ முதலில் நீ கண்ணில் படவே இல்லை. உன் பின்னால் நின்ற மாருத் போர் விமானம்தான் தெரிந்தது. மியூனிக் பக்கத்து மியூசியத்தில் நம்ம ஊர் விமானம் ஒன்று நிற்கிறது என்று தாத்தா சொன்னபோது நான் நம்பியதில்லை, கிழவர் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த ஷ்லைஸ்ஹைம் கொட்டகையில் அது நிற்பதைப் பார்த்ததும் தாத்தா இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் எடுத்திருக்கிறாய். அங்கே அன்றைக்கு விடுமுறையோ என்னவோ. சரி, இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொள்.

உனக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை, ஏரோநாட்டிகல் படித்தவன் நீ. ஆனாலும் தாத்தா சொன்னதெல்லாம் இந்த ரெண்டு வாரமாக மண்டைக்குள் ஓடுகிறது. நம்ம பெங்களூர் விமானக் கம்பெனி எச்.ஏ.எல். 1940 டிசம்பரில் ஆரம்பித்தது. பம்பாய்த் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் முதல் போட, மைசூர் சமஸ்தானம் கூட நின்றது. அப்போது அதன் பெயர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட். போர்க்காலம். 1941-ல் ஹார்லோ பயிற்சி விமானம் பறந்தது, அடுத்த வருஷம் நிர்வாகமே சர்க்கார் கைக்குப் போய்விட்டது, பிறகு அமெரிக்கப் படையின் பழுதுபார்க்கும் பட்டறையாகவும் அது இருந்தது. போர் முடிந்ததும் அவ்வளவு பெரிய கொட்டகைக்கும் அத்தனை ஆட்களுக்கும் போதுமான விமான வேலை இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா, ரயில் பெட்டி கட்டினார்கள். பஸ்ஸுக்கு பாடி கட்டினார்கள்.

தாத்தா 1952-ல் பதினெட்டு வயதில் சேர்ந்தது அந்த ரயில் பெட்டி செக்‌ஷனில்தான். ஊரில் "ஏரோப்ளேன் கட்டுறான்" என்று ஆத்தா பீற்றிக்கொண்டிருக்க, இவர் இங்கே ஜன்னலுக்கு ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருந்தார். அதை அவர் மறைத்ததே இல்லை. "தகரம் தகரந்தான்டா, கை பழகணும்" என்பார். அவர் சேர்ந்ததற்கு முந்தின வருஷம் காட்டகே என்ற இன்ஜினியர் தலைமையில் வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் பறந்திருந்தது, நம்ம ஆட்களே வரைந்து நம்ம ஆட்களே கட்டியது. அந்தப் பக்கம் போகவேண்டும் என்று நாலு வருஷம் ஏங்கினார். கிடைக்கிறவரை ரயில் பெட்டியை ஒழுங்காகக் கட்டினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சும்மாதான் சொல்கிறேன். கிடைத்த வேலையைச் செய்வதில் ஒன்றும் குறைந்துவிடாது என்று அவர் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்புறம் 1956-ல் கர்ட் டாங்க் வந்தார். ஜெர்மனியில் ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானம் வரைந்த ஆள், போர் முடிந்து அர்ஜென்டினா போய் அங்கிருந்து பெங்களூர். ஜெர்மன்காரன் இங்கே வந்து நமக்கு விமானம் வரைந்தான், அவன் ஊருக்கு நம்ம வீட்டுப் பிள்ளை போயிருக்கிறான் என்று நீ கிளம்பின அன்றைக்கு எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கா? அவர் பையன் வங்கியில்தான் இருக்கிறான். கொஞ்சம் கர்வமாகத்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் முழு அளவில் மரத்தாலேயே, இன்ஜின் இல்லாத ஒரு கிளைடர் செய்து 1959-ல் டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்துப் பறக்கவிட்டார்கள். 1961 ஜூன் 17 அசல் மாருத் கிளம்பியது. சுரஞ்சன் தாஸ் ஓட்டினார். தாத்தா ஓடுபாதை ஓரத்தில் நின்று பார்த்தவர்களில் ஒருவர், அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும். அந்த சுரஞ்சன் தாஸ் 1970-ல் மாருத்தின் இன்னொரு வடிவத்தைச் சோதிக்கும்போது விழுந்து இறந்தார். எனக்கு ஏழு வயது. தாத்தா அன்று வீட்டுக்கு வந்து சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

மாருத்தின் கதை உனக்குத் தெரியும். ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு போகவேண்டும் என்று வரைந்த விமானம் அது. அதற்கென்று நினைத்திருந்த பிரிட்டிஷ் இன்ஜினை மேற்கொண்டு உருவாக்கப் பணம் கேட்டார்கள், நாம் தரவில்லை, அது வராமலே போனது. இருக்கிற ஆர்ஃபியஸ் இன்ஜின் ரெண்டை வைத்து ஒப்பேற்றினார்கள். எகிப்துக்காரர்கள் செய்த இன்ஜினைப் போட்டுப் பார்க்க ஒரு மாருத்தை அங்கேகூட அனுப்பினார்கள், அதுவும் கைகூடவில்லை. 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் மொத்தம் 147 விமானத்தோடு நின்றுவிட்டது. "உடம்பு தங்கம்டா, நெஞ்சுதான் இரவல்" என்பார் தாத்தா. அந்த லைனை மூடினபோது அவரை வேறு கொட்டகைக்கு மாற்றினார்கள். சம்பளம் ஒரு பைசா குறையவில்லை. ஆனாலும் ஆறு மாதம் வீட்டில் பேச்சே இல்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், கூப்பிட்டால் "உம்" என்பார். ஆத்தா பயந்துபோய் வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போனாள். அவரிடம் யாரும் என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நீ போன மாதம் மூன்று முறைதான் பேசினாய். மூன்று முறையும் "வேலை எல்லாம் நல்லாத்தான் போகுதுப்பா" என்றாய். நான் கேட்பதற்கு முன்னாடியே சொன்னாய்.

சரி. ஊர்ச் செய்தி சொல்கிறேன். சித்தப்பா மகளுக்கு ஓசூரில் இடம் பார்த்து முடித்துவிட்டார்கள், தை மாதம் வைத்திருக்கிறார்கள், பையன் ஏதோ டூல் ரூமில் இருக்கிறானாம். மற்றதெல்லாம் அம்மா சொல்வாள். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி ரொம்ப நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்காதே.

2001 ஜனவரி 4 உனக்கு ஞாபகம் இருக்கும். மொட்டை மாடியில் உன்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தேன், எட்டு வயதுப் பையன், நல்ல கனம். அன்றைக்குத்தான் இலகுரகப் போர் விமானம் முதல்முதலாகக் கிளம்பியது, தேஜஸ் என்ற பெயரை வாஜ்பாய் அப்புறம்தான் வைத்தார். நீ கத்தினாய், நானும் கத்தினேன். தாத்தா மட்டும் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு "இன்ஜின் யாருது?" என்றார். அமெரிக்காக்காரனுது, ஜி.ஈ. என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். இதற்கென்று நம்ம நாட்டிலேயே காவேரி இன்ஜினை 1989-லேயே ஆரம்பித்திருந்தார்கள், 2008-ல் அதைத் தேஜஸிலிருந்து பிரித்தேவிட்டார்கள். நல்லவேளை தாத்தா அதற்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் பார், 2021-ல் 83 விமானத்துக்குச் சுமார் 48,000 கோடிக்கு ஆர்டர், 2025 செப்டம்பரில் இன்னும் 97. நாசிக்கிலும் லைன் போட்டாயிற்று. ஆனால் இன்ஜின் நேரத்துக்கு வராமல் இழுத்தடித்து, அந்த 83-க்கான முதல் இன்ஜினே 2025 மார்ச்சில்தான் வந்தது.

இவ்வளவு வேலை இங்கே வந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். கோயம்புத்தூரில் எல் அண்ட் டி இறக்கை செய்கிறது. தும்கூரில் 615 ஏக்கரில் ஹெலிகாப்டர் ஃபேக்டரி திறந்திருக்கிறார்கள். நீ போகும்போது "இங்கே ஒரு விமானம் முடிக்க முப்பது வருஷம் ஆகும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. தாத்தா படத்துக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நீ சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான் அன்றைக்கு நான் பதில் பேசவில்லை. இதை எழுதுவதால் திரும்பி வா என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் அறிவுக்கு எங்கேயும் பிழைப்பாய். எங்கேயும் என்றால் இங்கேயும்தான்.

கதிர், சுற்றி வளைத்துப் போதும். ஒரு விஷயம் உனக்குச் சொன்னதில்லை.

நான் எச்.ஏ.எல். அப்ரென்டிஸ் பரீட்சையில் ரெண்டு முறை தேறவில்லை என்பது தெரியும், தாத்தா அதை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக்காட்டுவார். அதனால்தான் பெங்களூர் பீன்யாவில் சின்ன வொர்க்‌ஷாப்பில் லேத்தில் நின்றேன். விமானத்துக்குப் போகிற சில்லறை பார்ட்தான் அங்கே ஓடியது, எப்படியோ நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன் என்று மனசுக்குள் ஒரு பெருமை. 1997-ல் ஒருநாள் அறுபது புஷ், குட்டிக் குழாய் மாதிரி பார்ட். ஒவ்வொன்றின் துளையிலும் கோ, நோ-கோ கேஜ் என்கிற அளவுக் கருவியை விட்டுப் பார்த்து ஷீட்டில் எழுதவேண்டும். பத்து பார்த்தேன். பத்தும் சரியாக இருந்தது. மீதி ஐம்பதுக்கும் பார்த்ததாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை, சோம்பல்தான். வாங்குகிற இடத்து இன்ஸ்பெக்‌ஷனில் பதினொன்றின் துளை அண்டர்சைஸ். பாதியில் டூல் தேய்ந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மொத்த லாட்டும் திரும்பி வந்தது. முதலாளி சத்தம்கூடப் போடவில்லை, ஷீட்டை என் முன்னால் வைத்துவிட்டு கணக்கை முடித்துக்கொள் என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. தாத்தாவிடம் எப்படிச் சொல்வேன், பார்க்காமலே பார்த்ததாக எழுதினேன் என்று அந்த மனுஷனிடம்? காலையில் அம்மா கட்டிக்கொடுத்த கேரியரைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல மெஜஸ்டிக் பஸ் ஏறுவேன். பீன்யா பஸ் மாறாமல் கப்பன் பார்க் வந்து உட்காருவேன். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் ஒருநாள் கஸ்தூர்பா ரோடு பக்கம் நடந்தேன். விஸ்வேஸ்வரய்யா மியூசியத்தில் ஒரு மாருத் நிற்கும், உன்னைக்கூடக் கூட்டிப்போயிருக்கிறேன். அதற்கப்புறம் தினமும் அங்கேதான். இது தாத்தா கை பட்டதாக இருக்குமோ என்று ரிவெட் வரிசையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒன்பது வாரம்.

அம்மாவுக்கு மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. சட்டையில் கூலன்ட் வாடை இல்லை, எண்ணெய்க் கறை இல்லை, காலரில் தூசி மட்டும். துவைக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனாலும் தினமும் கேரியர் கட்டிக் கொடுத்தாள். உன் ஸ்கூல் ஃபீஸ் கட்டவேண்டிய நாள் வந்தபோது ரெண்டு வளையலைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் திருட்டுப் போய்விட்டது என்று உனக்குச் சொன்னோமே, அந்த வளையல்தான். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வேறு வொர்க்‌ஷாப்பில் சேர்ந்த பிறகு, அதுவும் "மாறிட்டேன்" என்று மட்டும்தான் சொன்னேன். போன வாரம் உன் படத்தை வைத்துக்கொண்டுதான் முழுசாகச் சொன்னேன். "தெரியும்" என்றாள். சாவகாசமாக வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பகலில் மாருத் முன்னால் நிற்கிறவனைப் பார்த்ததும் எனக்கு என் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். தப்பாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடு.

இன்னொன்று. நீ அனுப்பின பணம் ஒன்றாம் தேதி வந்துவிட்டது, போன மாதத்ததும் அப்படியே இருக்கிறது, நாங்கள் தொடவில்லை. உனக்கே திருப்பி அனுப்ப முடியுமா என்று பேங்கில் கேட்டேன், ஏதோ ஃபாரம் கொடுத்தான், அதில் உன் அங்கத்து கணக்கு விவரம் கேட்கிறான். எழுதி அனுப்பு. அம்மாவுக்குத் தெரியும், அவள்தான் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா