சிப்புக்குப் பிறகே தடுப்பூசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியில் வேலை கிடைத்த என் மகள், தான் வளர்த்த நாட்டு நாயையும் இரண்டு பூனைகளையும் உடன் அழைத்துச் செல்வதற்குள் நாங்கள் பட்ட அலைச்சலைத் திருப்பூர், கோவை, ஈரோடு பகுதிகளிலிருந்து புறப்படும் பிற குடும்பங்களும் படக்கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

மூன்றுக்கும் ஆண்டு தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அட்டைகளையும் பத்திரமாக வைத்திருந்தோம். ஆனால், விலங்கின் அடையாளமாகத் தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க எண்ணுடைய மைக்ரோசிப்பைப் பொருத்திய பிறகோ அதே நாளிலோ போட்ட ஊசியை மட்டுமே ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கிறது. சிப் இல்லாமல் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று எப்படி அறிவது என்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நாங்கள் சென்ற மருத்துவமனையில் ஊசியை முதலில் போட்டுவிட்டு, சிப்பை மறுவாரம்தான் பொருத்தினார்கள். அந்த ஒரு வாரத்தால் ஊசி செல்லாமல் போயிற்று.

மறுபடியும் ஊசி போட்டு, 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையவில்லை என்று முடிவு வாங்கினோம். வெறிநோய் ஆபத்து குறைவென்று ஒன்றியம் ஏற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை என்பதால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. மகள் தனியே கிளம்பிவிட்டாள். உரிமையாளரின் பயணத்துக்கு முன்பின் 5 நாளுக்குள் விலங்குகளும் பயணிக்காவிட்டால் வணிக இறக்குமதிக்குரிய விதிகள் பாயும் என்பதால், விடுப்பெடுத்து மீண்டும் வந்துதான் அழைத்துப் போனாள்.

காத்திருந்த மாதங்களில் ஒரு நல்லதும் நடந்தது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த நான், அதே இஞ்ச் டேப்பால் எங்கள் நாய் மணியை மூக்கிலிருந்து வாலின் அடிவரை அளந்து, முன்னங்கால் உயரத்தில் பாதியைக் கூட்டி விமானப் பயணக் கூண்டின் நீளத்தை முடிவு செய்தேன். கூண்டைத் திண்ணையில் வைத்து மகளின் பழைய துப்பட்டாவை விரித்தோம். முதல் வாரம் மணி தலையை மட்டும் உள்ளே நீட்டிச் சோறு தின்றான். பூனைகளோ முதல் நாளே ஏறிப் படுத்துக்கொண்டன, அதுவும் அவனுடைய கூண்டில்.

கால்நடை மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஊசி போடுமுன் சிப் இருக்கிறதா என்று கேட்டு, ஸ்கேனரில் எண்ணைப் படித்து, அந்த எண்ணையும் பொருத்திய தேதியையும் அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதித் தாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து வெளிவருவோருக்கும் இது பழக்கமாகட்டும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் விசா வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வளர்ப்பு விலங்குக்கு இரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துவிட்டு, அதன்பின் ஊசியின் தவணை தவறாமல் பார்த்துக்கொண்டால் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டியதில்லை. தவணை தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.