நைல் பயணம்: கப்பல் ஏறும் முன் ஒருமுறை படிங்க

எல்லோருக்கும் வணக்கம். எகிப்தின் லக்சரில் கப்பல் ஏறி, நீரோட்டத்துக்கு எதிராகத் தெற்கே அஸ்வான் வரை போகிறோம். எஸ்னா தடுப்பணையில் கப்பல்கள் வரிசையில் நிற்கும். தாமதமானால் வழிகாட்டியைக் கோபிக்க வேண்டாம், பாவம்.

லக்சரில் பழைய எகிப்து மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் மன்னர்கள் பள்ளத்தாக்குக்கு அதிகாலையிலேயே கிளம்பணும். வெயில் ஏறிவிட்டால் ஒதுங்க நிழல் கிடையாது. பொதுச் சீட்டில் 3 கல்லறைகள்தான். 1922-ல் கண்டுபிடித்த துட்டன்காமன் என்ற மன்னரின் கல்லறைக்குத் தனிச் சீட்டு வாங்கணும். அது ரொம்பச் சின்னது, பொக்கிஷமெல்லாம் கெய்ரோ பக்கம் போய்விட்டது. காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சுவரோவியத்துக்கு மற்ற கல்லறைகளே போதும்.

வழியில் எட்ஃபு ஊரில் ஹோரஸ் என்ற பழைய எகிப்தியக் கடவுளின் கோயில். கி.மு. 237-ல் தொடங்கி கி.மு. 57-ல் முடித்தது. நூற்றாண்டுக் கணக்கில் மணலில் புதைந்திருந்ததால் மேற்கூரையோடு அப்படியே நிற்கிறது. அவசரப்படாமல் பாருங்கள். அடுத்து கோம் ஓம்போ கோயில் கரையிலேயே இருக்கிறது, நடந்தே போகலாம். முதலை மம்மிகள் பார்க்கக் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

அஸ்வானில் அணை நீரில் மூழ்கிய ஃபிலே கோயிலை 1970-களில் கல் கல்லாகப் பெயர்த்துப் பக்கத்துத் தீவில் கட்டினார்கள். அங்கே படகில்தான் போகணும்.

தொப்பி, தண்ணீர் பாட்டில், சில்லறை அவசியம். வருகிறவர்கள் இன்றிரவுக்குள் பெயர் போடுங்க.