யாரைச் சேர்த்துக் கணக்கிட்ட விகிதம் அது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தப் புற்றுநோய்க்கான புதிய மருந்துகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைக் கவனமாகப் படித்தேன். அதில் தரப்பட்டிருந்த பிழைப்பு விகிதங்கள் (நோய் தெரிந்து குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகும் உயிரோடு இருப்பவர்களின் விழுக்காடு) அனைத்தும் மருந்துச் சோதனைகளில் கிடைத்தவை. அச்சோதனைகளில் பெரும்பாலும் வயது குறைந்த, வேறு நோய் இல்லாதவர்களே சேர்க்கப்படுகிறார்கள் என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

என் தாயாருக்கு 76 வயதில் மைலோமா என்ற, எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அதற்குள் முதுகுவலிக்கென்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருந்தார், சிறுநீரகமும் பழுதுபட்டிருந்தது. எவ்வளவு காலம் என்று கேட்டபோது, கையிலிருந்த ஆய்வுகளில் இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தோடு யாரும் சேர்க்கப்படவில்லை என்று மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். மைலோமாவோ பெரும்பாலும் முதுமையில் வரும் நோய்!

இந்தக் குறையைத் தீர்ப்பது மக்கள்தொகை அடிப்படையிலான ஆய்வுதான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் 2004 முதல், ஏறத்தாழ 40 லட்சம் மக்களிடையே ரத்தப் புற்றுநோய் கண்டறியப்படும் ஒவ்வொருவரையும், வயதையோ சிகிச்சை பெற்றாரா இல்லையா என்பதையோ பாராமல் பதிவுசெய்து, தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 14 மருத்துவமனைகளின் மாதிரிகளும் ஒரே ஆய்வகத்தில் பரிசோதிக்கப்படுவதால், நோயின் வகையை முடிவுசெய்வதில் இடத்துக்கு இடம் வேறுபாடு வருவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட இந்நோயில் அது மிக முக்கியம். நிணநீர் மண்டலத்தைத் தாக்கும் புற்றுநோயான லிம்போமாவின் சில வகைகளில் சிகிச்சையே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பில் மட்டும் இருப்பவர்கள் உண்டு. நலமடைந்து, பின்னர் நோய் திரும்பி, மீண்டும் சிகிச்சைக்கு வருபவர்களும் உண்டு. நிமோனியாவில் இறந்தவரின் சான்றிதழில் அந்த நிமோனியாவுக்கு இடம்கொடுத்த லுக்கீமியா என்ற வெள்ளணுப் புற்றுநோய் குறிப்பிடப்படாமலே போகலாம். ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவர்கள் நிலையை அறிய முடியாது.

நல்ல செய்தியையும் இத்தகைய பதிவேடுகளே உறுதிசெய்கின்றன. 2001-இல் இமாட்டினிப் மாத்திரை வந்த பிறகு, நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா நோயாளிகளின் ஆயுள் பொதுமக்களின் ஆயுளை நெருங்கிவிட்டது என்பதை, ஸ்வீடனில் 1973 முதல் 2013 வரை பதிவானவர்களின் விவரங்கள் காட்டின. சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரை வைத்து அல்ல, ஒரு நாட்டின் நோயாளிகளை வைத்துச் சொல்லப்பட்டதால்தான் அதை நம்ப முடிகிறது.

ஆகவே, இனி இத்தகைய விகிதங்களை வெளியிடும்போது அவை எந்த வயதினரிடம் கிடைத்தவை, யாரெல்லாம் விலக்கப்பட்டார்கள் என்பதையும் உடன் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் சிகிச்சையைத் தொடர்வதா, வேண்டாமா என்று முடிவெடுக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்