சிவப்பு தெரியாத பிலிம்

கும்பகோணம்,
செவ்வாய் ராத்திரி.

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

கண்ணாடியைக் கழற்றியாகிவிட்டது, இனிமேல் அப்படிக் கூப்பிடாதே என்று எழுதியிருந்தாய். ஐம்பத்தைந்து வருஷமாகக் கூப்பிட்ட வாய், கண்ணுக்குள் ஒரு லென்ஸ் வைத்ததற்காக மாறிவிடுமா? விடு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அது போதும்.

வலது கண்ணில் பார்த்தால் வேட்டியில் யாரோ சொட்டு நீலத்தைக் கூடுதலாக விட்ட மாதிரி இருக்கிறது என்று பயந்திருக்கிறாய். எனக்கும் போன வருஷம் இதே கதைதான். வயதாக ஆக நம் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே வரும், நீலத்தை அது வடிகட்டிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்கு உறைப்பதில்லை. அதை எடுத்துவிட்டுப் புதிது வைத்ததும் திடீரென்று நீலம் வந்து குதிக்கிறது. இத்தனை வருஷம் நீ உலகத்தைச் செபியா டோனில் பார்த்துக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். பத்து நாளில் பழகிவிடும். தலைக்குக் குளிக்காதே, கண்ணைக் கசக்காதே. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை நீ, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பையன் அனுப்பிய படம் வந்தது. உன் அப்பா அம்மா கல்யாணப் படம், 1951. அதைக் கலராக்கித் தரச் சொன்னான். இதில் எனக்கு ஏதோ தெரியும் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாய் போல. என் பேத்தி போனில் ஏதோ ஒரு செயலியில் ஏற்றினாள். அரை நிமிஷம்தான், வந்துவிட்டது. பார்த்ததும் எனக்கு முதலில் தொண்டை அடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். அப்பா கன்னத்தில் ரத்த ஓட்டம்! அவர் உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு தெளிவாக அந்த முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை, பயம்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. மாலை சருகு நிறத்தில் இருக்கிறது. கூறைப்புடவை சிமெண்டில் நீலம் கலந்த மாதிரி ஒரு நிறம். அப்பாவின் இடது கைச் சுண்டுவிரல் மட்டும் புடவையின் நிறத்துக்குப் போய்விட்டது. அம்மா நெற்றியில் குங்குமம் கன்னங்கரேல் என்று, மை வைத்தது போல.

குங்குமம் கறுப்பானதற்குப் பேத்தியின் போன் காரணமில்லை. நம் ஸ்டூடியோ இருட்டறை ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு பல்பு எரியும், ஆனாலும் பேப்பர் கெடாது. ஏன் மாஸ்டர் என்று நீதான் கேட்டாய். சிவப்பு அதுக்குக் கண்ணு தெரியாதுடா என்றார். அந்தக் காலத்தில் பல ஸ்டூடியோக்களில் ஓடிய ஆர்த்தோ பிலிமுக்கும் அதே குருடு. நீலமும் பச்சையும் பதியும், சிவப்பு பதியாது. குங்குமம், வெற்றிலை போட்ட உதடு, அரக்குப் புடவை எல்லாம் கறுப்பாகத்தான் விழும். அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு இந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்? லட்சக்கணக்கான கலர் படங்களின் நிறத்தை உருவிவிட்டு, எந்தச் சாம்பலுக்கு எந்த நிறம் என்று அதைப் பழக்கியிருக்கிறார்கள். புல் பச்சை, வானம் நீலம் என்பதில் அது அநேகமாகத் தப்பு பண்ணாது. புடவையில்தான் மாட்டிக்கொள்கிறது. ஒரே சாம்பலுக்குள் அரக்கும் இருக்கலாம், பாட்டில் பச்சையும் இருக்கலாம். எதைச் சொன்னாலும் தப்பாகலாம் என்கிறபோது எல்லாவற்றையும் கலக்கி நடுவாந்திரமாக ஒன்றைப் பூசிவிடுகிறது. அதனால்தான் இந்தப் படங்கள் எல்லாமே மழைக்காலத்தில் துவைத்து நிழலில் காயப்போட்ட துணி மாதிரி இருக்கின்றன.

மாஸ்டர் கையால் கலர் போடும்போது எப்படிச் செய்வார்? முதலில் பிரிண்டை அந்த அழுகின முட்டை நாற்றத் தொட்டியில் போட்டுப் பழுப்பாக்குவார். கறுப்பு மேல் கலர் போட்டால் முகம் புகை பிடித்த மாதிரி ஆகிவிடும், பழுப்பு மேல்தான் தோல் நிறம் உட்காரும். அப்புறம் கலர் ஊறிய தாள் புத்தகத்திலிருந்து நகக்கண் அளவு கத்தரித்துக் கிண்ணித் தண்ணீரில் போடுவார். தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றிக் கன்னத்துக்கு ஒரு ஒற்று. பிரஷ்ஷை நாக்கில் வைத்துக் கூராக்கித்தான் மூக்குத்திக்குப் போவார். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் படம் கொண்டு வந்தவரை உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்பாரே, அதைச் சொல்ல வந்தேன். உடம்பு என்ன நிறம்? புடவை என்ன நிறம்? மூக்குத்தி வெள்ளைக் கல்லா, சிவப்புக் கல்லா? பதிலைக் கவர் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார்.

அந்தப் பதில்களில் பாதி பொய் என்று நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கறுப்பு என்று ஒருத்தராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? "மாநிறம், கொஞ்சம் செகப்பாவே போடுங்க" என்பார்கள். இல்லாத இரட்டை வடச் சங்கிலியைக் கழுத்தில் போடச் சொல்வார்கள். போடுவார். எங்கள் தாத்தா படத்தில் ஒரு கைக்கடிகாரம் இருக்கிறதே, அது மாஸ்டர் கைவேலை. தாத்தா மணி பார்த்தது வெயிலை வைத்துத்தான். பாட்டி கேட்டாள் என்று வரைந்து கொடுத்தார். இப்போது அந்தப் படத்தையும் பேத்தி போனில் ஏற்றினாள். செயலி அந்த வாட்ச்சுக்குப் பளபளவென்று தங்க நிறம் கொடுத்துவிட்டது. படம் குடும்பக் குரூப்பில் போன அன்று ராத்திரியே பெரியப்பா வீட்டிலிருந்து போன்: "அந்தத் தங்க வாட்ச் யார் பங்குக்குப் போச்சு?" மாஸ்டர் வரைந்தது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

சிரித்தாலும், எனக்கு அந்தப் பொய்யின் மேல் கோபம் வரவில்லை. பாட்டி அதை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினாள். உன் அம்மாவுக்குச் சிமெண்ட் நிறப் புடவையை யார் கேட்டது? அதுதான் எனக்கு உறுத்துகிறது. 2021-ல் ஒருவர், கம்போடியாவில் டுவோல் ஸ்லெங் சிறையில் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு நிறம் போடுகிறேன் என்று ஆரம்பித்து, சிலர் முகத்தில் சிரிப்பையும் வைத்துவிட்டார். கம்போடிய அரசே கண்டித்தது, வெளியிட்ட இணைய இதழ் எடுத்துவிட்டது. சாகப்போகிறவனைச் சிரிக்கவைக்க யாருக்கு உரிமை?

நிஜமான நிறம் வேண்டுமென்றால் எடுக்கும்போதே பிடித்திருக்க வேண்டும். ரஷ்யாவில் புரோகுடின்-கோர்ஸ்கி அப்படிப் பிடித்தார். ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஃபில்டர் வழியாக அடுத்தடுத்து மூன்று முறை எடுப்பார். 1911-ல் அவர் எடுத்த புகாரா அமீரின் நீலப் பட்டு அங்கியை அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் பார், அந்தப் புதுக் கண்ணால் பார். நேற்று எடுத்தது போல இருக்கும். நமக்கு அதெல்லாம் கிடைக்கவில்லை. நமக்கு நிறம் வாய்வழியாகத்தான் வந்தது. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் புடவை நிறம், எம்.எஸ். புளூ என்று சொன்னால் போதும், காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த அந்த நீலம் எந்தக் கறுப்பு வெள்ளைப் படத்திலும் இல்லாமலே நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே நானும் வாய்வழியாகவே போனேன். உன் அக்காவுக்குப் போன் போட்டேன். அரக்கு, பெட்டியில் நானே பார்த்திருக்கிறேன் என்றார். சித்திக்குப் போட்டேன். "அவ பொறக்கவே இல்லை, அவளுக்கு என்ன தெரியும்? மாம்பழக் கலர், அரக்கு பார்டர். முந்தானையைப் பிடிச்சிட்டு நின்னதே நான்தான்" என்றார். சித்திக்கு அப்போது எட்டு வயது. இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. பழி என் மேல்.

அந்தக் காலமே தனி என்று நீ கடைசியில் எழுதியிருந்ததற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கறுப்பு வெள்ளையில் புழுக்கம் தெரியாது, பந்தலில் ஈ தெரியாது. ஆனால் ஒன்று: அப்பா கல்யாணப் படம் வெள்ளியில் பதிந்தது, எழுபது வருஷம் தாண்டியும் மாலையில் பூ எண்ணலாம். 1982-ல் ஆசை ஆசையாக எடுத்த உன் கல்யாணக் கலர் ஆல்பம்? போன தடவை பார்த்தேனே, நீல சாயம் போய் எல்லோரும் செங்கல் சூளையில் நிற்கிற மாதிரி நிற்கிறோம். அதையும் பையனிடம் கொடுத்து ஸ்கேன் பண்ணச் சொல், நாள் கடத்தாதே.

இத்துடன் மூன்று பிரிண்ட் வைத்திருக்கிறேன். ஒன்று அக்காவின் அரக்கு, ஒன்று சித்தியின் மாம்பழம். இரண்டுக்கும் நானே பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் குங்குமத்தைச் சிவப்பாக்கினேன், சுண்டுவிரலையும் மீட்டேன், நான்கு சாயங்காலம் ஆனது. மூன்றாவதில் எதையும் தொடவில்லை, பழைய படத்தின் பிரதி. உனக்கு இடது கண் ஆபரேஷன் அடுத்த மாதம்தானே? அதற்குள் வெளிச்சத்தில் வைத்து, ஒரு தடவை இந்தக் கண்ணை மூடிக்கொண்டு பார், ஒரு தடவை அந்தக் கண்ணை மூடிக்கொண்டு பார். எந்தக் கண்ணுக்கு எது அம்மாவாகத் தெரிகிறது என்று எழுது.

உன்
ஓட்டைப்பல்லன்