மாதம் ஒரு மாலை, ஒரு மணி நேரம் விளக்கை அணைத்து வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறோம் என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களை உங்கள் நாளிதழில் விடாமல் படித்து வருகிறேன். செடி வளர்ப்பவர்கள், செஸ் ஆடுபவர்கள், பறவை பார்ப்பவர்கள், கூட்டமாகச் சைக்கிளில் கிளம்பிப் போகிறவர்கள் என்று பலரும் எழுதிவிட்டார்கள். இரவில் வானம் பார்க்கிறவர்கள் சார்பில் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு ஒரு கோரிக்கையும் உண்டு.

தொழிலால் நான் எலக்ட்ரீஷியன். வீட்டு வயரிங், அடுக்குமாடிகளில் படிக்கட்டு விளக்கு, மாடி விளக்கு, கேட் விளக்கு மாட்டுவதுதான் என் வேலை. வேலை முடிந்தபிறகு எனக்குப் பிடித்தது நட்சத்திரம் பார்ப்பது. வெளிச்சம், இருட்டு இரண்டோடும் பழகியவன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு மாலை மொட்டை மாடியில் கூடுகிறோம். அமாவாசை கழிந்து ஒரு வாரம் ஆகி, நிலா பாதியாக இருக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் பௌர்ணமிதான் நிலா பார்க்கச் சரியான நாள் என்று நினைப்பார்கள். பௌர்ணமியன்று சூரிய ஒளி நேராக விழுவதால் நிலாவின் மேடும் பள்ளமும் பிரிந்து தெரியாது, கண்தான் கூசும். பாதி நிலாவில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டை ஒட்டி, ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நீளமாக நிழல் போட்டிருக்கும். சாதாரண பைனாகுலரே இதற்குப் போதும். கை நடுங்கினால் முழங்கையை நாற்காலி முதுகில் ஊன்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

அப்புறம் வியாழன். அது வானத்தில் இருக்கும் மாதங்களில் எங்கள் மாடியில் அதற்குத்தான் முதல் மரியாதை. 10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரை அசையாமல் பிடித்தால், பக்கத்தில் ஒரே வரிசையில் நான்கு சின்னப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நான்கு நிலாக்கள். சில நாள் மூன்றுதான் தெரியும், ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும். அந்த நான்கில் வியாழனுக்கு மிக அருகில் இருக்கும் அயோ என்ற நிலா இரண்டு நாளுக்கும் குறைவான நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடுவதால், மறுநாள் பார்த்தால் வரிசையே மாறியிருக்கும். முதல் நாள் வந்த பிள்ளைகள் மறுநாள் தாமாகவே மாடிக்கு ஓடிவந்து, "மாமா, இடம் மாறிடுச்சு!" என்று கத்துகிறார்கள். பாடப்புத்தகத்தில் படித்த விஷயம்தான் அது. தன் கண்ணால் பார்க்கும்போது பிள்ளைக்கு அது சொந்தமாகிவிடுகிறது.

சனி கிரகத்துக்குத் தொலைநோக்கி வேண்டும். 30 மடங்கு பெரிதாக்கினாலே வளையம் தெரியும். முதன்முதலாகப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் தலையை எடுத்து, குழாயின் முன்பக்கம் ஏதாவது படம் ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். பெரியவர்கள்தான் அதிகம் அப்படிச் செய்கிறார்கள். 2025 மார்ச்சில் அந்த வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பியதால் அந்த ஆண்டு முழுக்க அது ஒல்லியாகத்தான் இருந்தது. சுமார் 15 ஆண்டுக்கு ஒருமுறை இப்படி நடக்கும். இனி ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். இப்போது பள்ளியில் சேரும் குழந்தை பள்ளி முடிப்பதற்குள் அந்த வளையம் நன்றாக விரிந்து, திரும்ப ஒடுங்கத் தொடங்குவதையும் பார்த்துவிடலாம்.

எந்தக் கருவியும் இல்லாமல் விளையாட ஒன்று இருக்கிறது. கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் எண்ணி, கடைசியில் சொல்ல வேண்டும். நான்கு என்பார் ஒருவர், ஆறு என்பார் இன்னொருவர், கண் கூர்மையான ஒரு சிறுமி ஏழு என்பாள். எண்ணிக்கை வானத்தின் இருட்டையும் பொறுத்தது. பிறகு பைனாகுலரைக் கொடுத்தால் டஜன் கணக்கில் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இருட்டில் கூடும்போது மனிதர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்டில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத பக்கத்து ஆளிடம், "அந்தச் சிவப்பு நட்சத்திரம் எது?" என்று கேட்பது எளிதாக இருக்கிறது. தூக்கம் வராமல் தவிக்கும் ஒரு பெரியவர், காவலாளியின் மகள், புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதி, எல்லோரும் தொலைநோக்கிக்கு வரிசையில் நிற்கிறார்கள். வரிசை நகர நேரமாகும், அதற்குள் பேச்சு பிறந்துவிடும். மற்ற கூட்டங்களில் ஒலிபெருக்கிக்காரர் பேச நாம் கேட்போம். இங்கே அப்படி யாரும் கிடையாது. பெரியவரின் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரைக் கைப்பிடித்து மாடிக்கு ஏற்றிக்கொண்டு வருவது அந்தப் புதுத் தம்பதிதான்.

இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுகிறவர்கள் விஞ்ஞானிகளாக இருக்க வேண்டியதில்லை. வில்லியம் ஹெர்ஷல் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த இசைக்கலைஞர். இங்கிலாந்தின் பாத் நகரில் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து, தானே செய்த தொலைநோக்கியால் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டுபிடித்தார். கூடவே உழைத்த அவருடைய தங்கை கரோலின் எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். எனக்கு இன்னும் நெருக்கமானவர் ஜான் டாப்சன். கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 20 ஆண்டுக்கும் மேல் துறவியாக இருந்தவர். வீண் கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்துத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயையும் பலகையையும் வைத்துப் பெரிய தொலைநோக்கிகள் செய்தார். மடத்தை விட்டு வந்தபிறகு அவற்றைச் சான் பிரான்சிஸ்கோவின் தெருமுனைகளில் நிறுத்தி, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். 1968-இல் நடைபாதை வானியலாளர்கள் என்ற குழு அதிலிருந்து பிறந்தது. அவர் செய்த எளிய மரத் தாங்கி இன்று உலகம் முழுக்க அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. எங்கள் மாடியில் இருப்பதும் அந்த வகைதான்.

சாதாரண ஆட்களின் கண்ணுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை திருவாதிரை நட்சத்திரம் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே மங்கியது. அந்த மங்கலைப் பதிவு செய்தவர்களில் பொழுதுபோக்காகப் பார்க்கிற ஆர்வலர்கள் ஏராளம். வெறுங்கண்ணுக்கே தெரிந்த மாற்றம் அது. பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது செல்போனைத் திறந்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செல்போனை நாங்கள் கட்டுப்படுத்திவிட்டோம், டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் கட்டிவிட்டோம். பக்கத்துக் கட்டடங்களின் மாடியில் இரவு முழுக்க எரியும் ஃப்ளட் லைட்டை என்ன செய்வது? அவற்றில் பல, தரையைப் பார்க்காமல் நேர் எதிரே பார்த்து மாட்டப்பட்டிருக்கின்றன. வெளிச்சத்தில் பெரும்பகுதி அடுத்த வீட்டு ஜன்னலுக்கும் ஆகாயத்துக்கும் போகிறது. மின் கட்டணத்தை அவர்கள்தான் கட்டுகிறார்கள்.

பாதுகாப்புக்காக என்று சொல்வார்கள். அந்தக் கவலை நியாயமானது, நானும் குடும்பத்தோடு இருப்பவன்தான். ஆனால் கண்ணில் அடிக்கும் விளக்குக்குப் பின்னால் ஆள் நின்றால் தெரியாது. இதை வேலை செய்யும் இடங்களில் வாடிக்கையாளரையே எதிரே நிறுத்திக் காட்டியிருக்கிறேன். விளக்கைத் தரை நோக்கிச் சாய்த்து, மேலே ஒரு மூடி போட்டால், குறைந்த வாட்டிலேயே நடைபாதை தெளிவாகத் தெரியும். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் சென்சார் வைத்தால் இன்னும் நல்லது, யாராவது வந்தால் விளக்கே காட்டிக்கொடுத்துவிடும். பல்பு வாங்கும்போது அட்டையில், ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 6,500 என்று போட்டிருப்பது நீலம் கலந்த வெள்ளை. நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறி வானத்தை வெளுக்க வைக்கும். வெளிப்புறத்துக்கு 3,000 அல்லது அதற்குக் கீழே உள்ள மஞ்சள் கலந்த ஒளி போதும். இதெல்லாம் அரை நாள் வேலை, எந்த எலக்ட்ரீஷியனும் செய்து கொடுப்பார்.

அவசரம் ஏன் என்றால், வானம் நாம் நினைப்பதைவிட வேகமாக மறைகிறது. 2011 முதல் 2022 வரை உலகின் பல பகுதிகளில் பொதுமக்கள் தங்கள் கண்ணுக்கு எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று அனுப்பிய 51,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2023 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். இரவு வானம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 சதவீதம் வெளுத்துக்கொண்டே போகிறதாம். 250 நட்சத்திரங்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தை 18 வயதாகும்போது அதே இடத்தில் 100 மட்டுமே பார்க்கும் என்பது அவர்கள் கணக்கு. படித்தபோது எனக்கு மனசே சரியில்லை.

அதனால் குடியிருப்போர் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒரு மாலை, ஒரு மணி நேரம் மாடி விளக்குகளையும் அலங்கார விளக்குகளையும் அணைத்து வையுங்கள். படிக்கட்டு விளக்கு எரியட்டும், அதை அணைக்கக் கூடாது, ஏறி இறங்குகிறவர்கள் விழுந்துவிடுவார்கள். குழந்தைகள் கைப்பிடிச் சுவர் பக்கம் போகாமல் ஒருவர் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ளட்டும். தொலைநோக்கி இல்லையே என்று தயங்க வேண்டாம். பாய் இருந்தால் போதும். டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட் எரிகற்களைப் பார்க்க எந்தக் கருவியும் உதவாது, மல்லாந்து படுத்து வானத்தை முழுதாகப் பார்ப்பதுதான் வழி. ஆனால் ஒன்று: பைனாகுலர் வழியாகவோ தொலைநோக்கி வழியாகவோ சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. பார்வையே போய்விடும். பகலில் அவற்றைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றைய நிகழ்ச்சிகள் என்று தினமும் ஒரு பத்தி போடுகிறீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் அதன் கீழே நாலே நாலு வரி வானத்துக்கு ஒதுக்குங்கள். அந்த வாரம் எந்தக் கிரகம் எந்தத் திசையில், நிலா எப்போது பாதி, சர்வதேச விண்வெளி நிலையம் எத்தனை மணிக்குக் கடக்கும் என்று போட்டால் போதும். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் அது, சில மாலைகளில் கண் சிமிட்டாத பெரிய வெளிச்சமாகச் சில நிமிடங்களில் வானத்தைத் தாண்டிப் போகும். நேரம் தெரியாததால்தான் ஜனங்கள் அதைத் தவறவிடுகிறார்கள். தகவல்களைத் தொகுத்துத் தர ஆள் வேண்டுமென்றால் எங்கள் குழுவில் இரண்டு கல்லூரி மாணவிகள் தயாராக இருக்கிறார்கள். பணம் எதுவும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
எலக்ட்ரீஷியன்